ஆர்.சி.யில் ஒரு நீளம், வண்டியில் ஒரு நீளம்: சேஸிஸ் மாற்றிய ஜீப்பால் நான் பட்ட பாடு

பழைய டீசல் ஜீப் வாங்க நினைப்பவர்களுக்கும், கையில் இருக்கும் ஜீப்பின் சேஸிஸை (பிரேம் என்று சொல்லும் இரும்பு அடிச்சட்டத்தை) வெட்டி நீட்டலாமா, உயர்த்தலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். 2023-இல் எனக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய் போனது. தோட்டத்தில் அறுவடை நடக்கும் பருவம் முழுக்க வண்டி இல்லாமல் திண்டாடினேன். இத்தனைக்கும் அந்த வண்டியில் நான் எதையும் வெட்டவில்லை, ஒட்டவில்லை. எனக்கு முன்னால் அதை வைத்திருந்த யாரோ செய்த வேலைக்கு நான் பதில் சொல்ல வேண்டி வந்தது. முன்கூட்டியே ஒருவர் உட்கார வைத்து இரண்டு மணி நேரம் விளக்கியிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அந்த இரண்டு மணி நேரப் பேச்சாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை வாங்கியது 2021-இல். மலைச்சரிவில் இருக்கும் தோட்டத்துக்குப் போகும் பாதை பாதி கல், பாதி சேறு. ஃபோர் வீல் ஜீப் இல்லாமல் மழைக்காலத்தில் மேலே ஏற முடியாது. 1998-இல் பதிவான டீசல் ஜீப் ஒன்று 2,60,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பின்பக்கம் நீளமாக, ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்ற வசதியாக இருந்தது. பழைய வண்டி வாங்கும்போது எல்லோரும் எதைப் பார்க்கச் சொல்வார்களோ அதையெல்லாம் பார்த்தேன். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் ஆர்.சி.யோடு ஒத்துப்போயின. பொறித்த நம்பர்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து, பென்சில் பிரிண்ட் எடுத்தும் வைத்துக்கொண்டேன். ஹெச்.பி. (தவணைக் கடன்) இல்லை, வரி பாக்கி இல்லை, இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது. படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றமும் சிக்கலில்லாமல் முடிந்தது. புது இன்சூரன்ஸ் போட்டார்கள், புகைச் சான்றிதழ் கொடுத்தார்கள். இத்தனையிலும் ஒருவர்கூட வண்டியின் நீளத்தை அளக்கவில்லை. இதை முதலிலேயே மனதில் வையுங்கள்: சொந்த உபயோக வண்டியின் பெயர் மாற்றம் பெரும்பாலும் காகிதத்தோடு முடிந்துவிடும். உங்கள் பெயரில் ஆர்.சி. வந்துவிட்டதால் வண்டி சட்டப்படி சரியாக இருக்கிறது என்று ஆகாது.

சொந்த உபயோக வண்டியின் பதிவு முதலில் 15 வருடம் செல்லும். அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். என் வண்டிக்கு 2023-இல் அந்த முறை வந்தது. காலாவதி தேதிக்கு 60 நாளுக்கு முன்பிருந்தே படிவம் 25-இல் விண்ணப்பிக்கலாம் என்பதால் சீக்கிரமே போட்டேன். வண்டியை நேரில் காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் என்று நாம் சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளர் விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்தார். சேஸிஸ் நம்பர் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். உதவியாளரை அழைத்து டேப் எடுத்து வரச் சொன்னார். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை அளந்தார்கள். "சார், ஆர்.சி.யில வீல்பேஸ் 2,311 மில்லிமீட்டர் போட்டிருக்கு. இங்க 2,590 வருது. நீட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்றேன். அவர் நல்ல முறையில்தான் பேசினார். "நீங்க செஞ்சீங்களா, வேற யாராவது செஞ்சாங்களா, எனக்குத் தெரியாது சார். இந்த நிலைமையில நான் கையெழுத்துப் போட முடியாது" என்று சொல்லிவிட்டு விண்ணப்பத்தில் குறிப்பு எழுதினார்.

ஆர்.சி.யை எடுத்து நிதானமாகப் படித்தது அன்று மாலைதான். உங்கள் ஆர்.சி.யையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். வண்டியின் வகை, பாடி வகை, சிலிண்டர் எண்ணிக்கை, குதிரைத்திறன், சி.சி., எரிபொருள், வீல்பேஸ், இருக்கை எண்ணிக்கை, வெற்று எடை, நிறம் என்று வரிசையாக இருக்கும். என் வண்டியில் வீல்பேஸ் தப்பு. நீட்டிய இடத்தில் கூடுதலாக பெஞ்ச் போட்டிருந்ததால் இருக்கை எண்ணிக்கை தப்பு. எடை போட்டுப் பார்த்தால் அதுவும் தப்பாகத்தான் இருக்கும். சேஸிஸில் 28 சென்டிமீட்டர் சேர்த்த ஒரு காரியம் ஆர்.சி.யில் மூன்று வரிகளைப் பொய்யாக்கியிருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் ஆர்.சி.யில் இருக்கும் விவரங்களுக்கும் முரண் வரும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக்கூடாது. வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யும் மாற்றத்தைத்தான் இங்கே மாற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கமும் இருக்கிறது. சேஸிஸை வெட்டி நீட்டுவது அதற்குள் வராமல் வேறு எது வரும்? 2019 திருத்தத்தில் சேர்த்த 182-ஏ பிரிவில் தண்டனையும் இருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

பணத்தைவிட எனக்கு வேறு ஒரு பயம் இருந்தது. சேஸிஸ் வெட்டப்பட்ட வண்டி என்றதும் அடுத்து வரும் கேள்வி, இது திருட்டு வண்டியா, இரண்டு வண்டிகளை ஒட்டியதா என்பதுதான். நம்பர் பொறித்த இடம் துருப்பிடித்துக் கொஞ்சம் அரித்திருந்தது. அங்கே யாராவது கை வைத்திருப்பார்களோ என்ற எண்ணம் வந்துவிட்டால் விஷயம் போலீசுக்குப் போகும், தடயவியலில் ரசாயனம் தடவி அடியில் இருக்கும் பழைய எண்ணைப் பார்ப்பார்கள். பல இரவு தூக்கம் வரவில்லை. வீட்டில்கூட முழுசாகச் சொல்லவில்லை. அப்போது என்னைக் காப்பாற்றியது வாங்கிய அன்று எடுத்து வைத்த பென்சில் பிரிண்ட்டும், கைபேசியில் இருந்த படங்களும்தான். படங்களில் தேதி இருந்தது. வண்டி அன்றைக்கே இந்த நீளத்தில்தான் இருந்தது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. மாற்றம் செய்தவன் நான் இல்லை என்று எழுத்தில் விளக்கம் கொடுத்தேன், அபராதம் போடவில்லை. ஆனால் ஆர்.சி. புதுப்பிப்பு அப்படியே நின்றது. செய்தவர் யார் என்பது தண்டனைக்குத்தான் கணக்கு. பதிவைப் புதுப்பிக்க வண்டி இன்று எப்படி நிற்கிறது என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

ஆகவே பழைய ஜீப் வாங்கும் அன்று, பணம் கொடுப்பதற்கு முன், நான்கு பக்கமும், அடியிலும், சேஸிஸ் நம்பர் தெரியும்படியும் படம் எடுங்கள். ஒரு இரும்பு டேப்பும் கொண்டுபோங்கள். தரை சமமாக இருக்கும் இடத்தில் சக்கரங்களை நேராக வைத்து, இரண்டு பக்கமும் வீல்பேஸை அளந்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் ஸ்பிரிங் தளர்ந்ததாலும் வரலாம். ஒரு சாண் அளவு வித்தியாசம் அப்படி வராது. இரண்டு பக்கமும் ஒரே அளவு வராவிட்டால் ஆக்ஸில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது அல்லது பிரேம் திருகியிருக்கிறது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, சைடு மெம்பர் (பிரேமின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் சட்டம்) முழுக்க டார்ச் அடித்துப் பாருங்கள். கம்பெனியில் வந்த பிரேமில், கிராஸ் மெம்பர் என்னும் குறுக்குச் சட்டம் சேரும் இடங்களில் பெரும்பாலும் ரிவெட் இருக்கும். ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் இருந்தாலும், நடுவில் செங்குத்தாக ஒரு வெல்டிங் தழும்பு இருந்தாலும், ஒரு பகுதியில் மட்டும் கறுப்பு பெயின்ட் தடிப்பாக இருந்தாலும் அங்கே கேள்வி கேட்க வேண்டும். என் வண்டியில் பின் ஸ்பிரிங்கைப் பிரேமில் மாட்டியிருக்கும் ஹேங்கருக்கு முன்னால் இரண்டு தழும்புகள் இருந்தன. அடிப்பக்கம் முழுக்கத் துருக்காப்புத் தார் பூசி மறைத்திருந்தார்கள்.

சரி, அப்புறம் என்ன வழி என்று தேட ஆரம்பித்தேன். முதலில் வந்தவர் ஒரு புரோக்கர். "பதினைஞ்சாயிரம் குடுங்க சார், வண்டியைக் காட்டாமலே முடிச்சுத் தரேன்" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அறுவடை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அது பெரிய ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று முடிவெடுக்க ஒரே ஒரு காரணம்தான். நாளைக்கு இந்த வண்டி ஒருவர்மேல் மோதினால், அல்லது பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆட்களோடு கவிழ்ந்தால், விபத்துக்குப் பிறகும் இதே போல ஒரு வாகன ஆய்வாளர் வந்து வண்டியைப் பரிசோதித்து அறிக்கை கொடுப்பார். அன்று டேப் எடுத்து அளந்தால் கையில் இருக்கும் ஆர்.சி. எனக்கு உதவாது, எனக்கு எதிராகத்தான் பேசும். இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை உரிமையாளரிடமிருந்து வசூலிக்கச் சொல்லி நீதிமன்றங்கள் உத்தரவிட்ட வழக்குகள் உண்டு. என் தோட்டத்தையே விற்றாலும் அந்தத் தொகை கட்ட முடியாமல் போகலாம்.

அடுத்து, இருக்கிற நீளத்துக்கே அனுமதி வாங்கிவிட முடியுமா என்று பார்த்தேன். பட்டறைகளில் வயதான மேஸ்திரிகள் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அப்ரூவல் வாங்கிக்கலாம் தம்பி, நாங்க எத்தனை வண்டி செஞ்சிருக்கோம்." அவர்கள் பொய் சொல்லவில்லை. பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு மாற்றலாம் என்ற நிலை முன்பு இருந்தது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு முரணாகப் போகக்கூடாது என்று 52-ஆம் பிரிவு இறுகியது. பட்டறைப் பேச்சு இன்னும் பழைய காலத்திலேயே நிற்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. மாநில விதிகளில் மாற்றத்துக்கு இடம் இருப்பதாகத் தோன்றினாலும் அவற்றை 52-ஆம் பிரிவுக்கு உட்பட்டுத்தான் படிக்க வேண்டும், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு முரணான மாற்றத்தைப் பதிவு செய்ய முடியாது. ஒரு வக்கீலிடம் காட்டினேன், அவரும் இதையே சொன்னார்.

சோதனை அமைப்பிடம் போய்ச் சான்றிதழ் வாங்கலாமா என்ற யோசனையும் வந்தது. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, மானேசரில் ஐகேட் இருக்கிறது, நம் ஒரகடத்திலேயே ஜி.ஏ.ஆர்.சி. இருக்கிறது. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி மாதிரி வண்டியைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டியவர் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர். பட்டறையில் நீட்டிய ஒற்றை வண்டியைத் தனி ஆள் கொண்டுபோய் ஒப்புதல் வாங்கும் ஏற்பாடு அது இல்லை. இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நீங்கள் அந்த மாதத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் இன்னொரு வாதத்தைச் சொன்னார்கள்: "தோட்டத்துக்குள்ளதானே ஓட்டுற, ரோட்டு சட்டம் எப்படி வரும்?" பாதி உண்மை. தொழிற்சாலை போன்ற வேலியடைத்த வளாகத்துக்குள் மட்டும் ஓட்டுவதற்கென்றே அமைந்த சிறப்பு வகை வண்டிகளை மோட்டார் வாகனம் என்ற வரையறையிலிருந்து சட்டம் விலக்கியிருக்கிறது. ஆனால் பொது இடம் என்பதற்கு அதே சட்டம் கொடுக்கும் வரையறை ரொம்ப அகலம். பொதுமக்கள் போக உரிமையுள்ள சாலை, தெரு, பாதை எதுவானாலும் பொது இடம்தான், அது தார் ரோடாக இருக்க வேண்டும் என்றில்லை. என் தோட்டத்துக்குப் போகும் கல் பாதையில் ஊர் ஆட்கள் எல்லோரும் போய் வருகிறார்கள். ஆஃப்ரோடு பாதை வேறு, சட்டம் எட்டாத பாதை வேறு.

கடைசியில் மிஞ்சியது ஒரே வழி, வண்டியை 2,311-க்கே திருப்புவது. இங்கேதான் மிக மோசமான பள்ளம் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு பட்டறைகளில் ஒரே யோசனை வந்தது. உடைக்கப் போன வண்டியிலிருந்து முழு பிரேம் ஒன்றை எடுத்து, என் பாடியை அதன்மேல் உட்கார வைத்து, பழைய நம்பரைத் தேய்த்துவிட்டு என் நம்பரைப் பொறித்துவிடலாம் என்றார்கள். வேலை சுலபம், செலவும் பாதி. ஒருநாளும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். வண்டியில் பொறித்திருக்கும் இன்ஜின் அல்லது சேஸிஸ் எண் ஆர்.சி.யில் இருப்பதோடு மாறுபட்டால் உரிமையாளருக்கு விளக்கமளிக்க வாய்ப்புக் கொடுத்துவிட்டுப் பதிவையே ரத்து செய்ய பிரிவு 55 இடம் தருகிறது. எண்ணைத் தேய்த்துப் புதிதாகப் பொறிப்பது அதையும் தாண்டிக் குற்ற வழக்காகிவிடும். அந்த ஸ்கிராப் பிரேம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, பட்டறைக்காரருக்கும் தெரியாது. என் பிரேமில் நம்பர் இருக்கும் முன்பகுதி யாரும் தொடாமல் இருந்தது. அதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவது என்று முடிவு செய்தேன்.

நம்பகமான ஒரு மேஸ்திரி கிடைக்கத்தான் நாளானது. லாரி பிரேம் வேலையில் ஊறியவர். பாடியை இறக்கிப் பிரேமைத் தனியாக வைத்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இங்க பாருங்க தம்பி, இத்தனை நாள் நீங்க எதுமேல உட்கார்ந்து மலை ஏறினீங்கன்னு." முன்பு வெட்டியவர்கள் சைடு மெம்பரை நேர்செங்குத்தாக அறுத்து, நடுவில் ஒரு துண்டை வைத்து முனைக்கு முனை வெல்டு அடித்திருந்தார்கள். உள்ளே தாங்கு தகடு கிடையாது. ஒரு தழும்பின் ஓரத்தில் கீழ் விளிம்பிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. வெல்டிங்கில் சூடு ஏறி ஆறும் இடத்தில் இரும்பின் குணம் மாறிவிடும். வண்டி வளைந்து நிமிரும்போதெல்லாம் இழுவை அதிகம் விழுவது மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்தான். அந்த விளிம்பில் குறுக்காக வெல்டு முடிந்தால் விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும் என்று அவர் விளக்கினார். அதுவரை சட்டத்தின்மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது, ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று. அந்த விரிசலைப் பார்த்த பிறகு கோபம் போய்விட்டது. அந்தப் பெஞ்சில் பல நாள் ஆறேழு பேரை உட்கார வைத்து இறக்கத்தில் வந்திருக்கிறேன்.

அவர் செய்தது இது. நடுவில் சேர்த்த துண்டையும் பழைய தழும்புகளையும் சுற்றியிருந்த கெட்டுப்போன இரும்பையும் சேர்த்து அறுத்து எடுத்தார். அதே தடிமனும் அதே அளவும் உள்ள சேனலில் பின்பகுதியைத் தயார் செய்தார். இணைப்பை நேராக வெட்டாமல் சாய்த்து வெட்டி, உட்பக்கம் நீண்ட தாங்கு தகடு கொடுத்து, அதன் முனைகளையும் சாய்வாக முடித்தார். புதுத் துளைகள் எல்லாம் நடுத்தகட்டில்தான், விளிம்பில் ஒன்றுகூட இல்லை. வெல்டு அடிக்கும் முன்பும் பின்பும் மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்து இரண்டும் சமமா என்று பார்த்தார். சமமில்லாவிட்டால் பிரேம் சாய்சதுரமாகிவிடும், வண்டி நண்டு மாதிரி ஓரமாகப் போகும். பிறகு சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் புரொபெல்லர் ஷாஃப்டைக் குறைத்து பேலன்ஸ் செய்து, பிரேக் பைப் முழுவதும் புதிதாகப் போட்டார். பழையதில் நீட்டுவதற்காக நடுவில் ஒட்டு வைத்திருந்தார்கள், அது எந்த நாளும் விட்டிருக்கலாம். வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். வெல்டு மேல் பெயின்ட் அடிக்கும் முன் எடுத்த படங்களுக்குத்தான் பின்னால் மதிப்பு.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பிரேம் வேலை 62,000. ஷாஃப்ட்டும் பிரேக் லைனும் 14,000. பாடியைப் பழைய அளவுக்குக் குறைத்து டிங்கரிங், பெயின்ட் 45,000. ஆர்.சி. காலாவதியான வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது என்பதால் பட்டறைக்கும் ஆர்டிஓ ஆபீசுக்கும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனதில் 12,000. பட்டயப் பொறியாளர் (சார்ட்டர்டு இன்ஜினியர்) ஒருவரை வைத்து ஆய்வுச் சான்றிதழ் வாங்க 8,000, வக்கீல் நோட்டீசுக்கு 5,000. புதுப்பிப்புக் கட்டணம் அப்போது காருக்கும் ஜீப்புக்கும் 5,000, தாமதத்துக்கு மாதம் 500 தனி. அறுவடைக்கு வாடகை வண்டி வைத்ததை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பொறியாளர் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. அது ஆர்டிஓவைக் கட்டுப்படுத்தாது, முடிவு ஆய்வாளருடையதுதான். ஆனால் என் ஆய்வாளர் அதை ஆர்வமாகப் படித்தார், இன்சூரன்ஸ் கம்பெனியும் பிரதி வாங்கிக் கோப்பில் வைத்தது. எனக்கு அது வீண் செலவாகப் படவில்லை.

விற்றவரிடம் பணம் திரும்பக் கேட்டேன். "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்பதுதான் பதில். நோட்டீசுக்கும் அதே பதில் வந்தது. சிவில் வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கும் என்று வக்கீல் நேர்மையாகச் சொன்னார், விட்டுவிட்டேன். விற்பனை ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி இருந்திருந்தால் என் கை ஓங்கியிருக்கும் என்றார் அவர். வண்டியின் சேஸிஸ், பாடி, இருக்கை, வீல்பேஸ் எல்லாம் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்கின்றன, மாறுபட்டால் விற்பவர் பொறுப்பு என்று ஒரு வரி. இதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தயங்குகிற விற்பனையாளர் எதற்குத் தயங்குகிறார் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

மறுபடி வண்டியைக் காட்டியபோது அதே ஆய்வாளர்தான் இருந்தார். டேப் வைத்து அளந்தார், அடியில் குனிந்து இணைப்பைப் பார்த்தார், பெஞ்ச் எடுக்கப்பட்டதைப் பார்த்தார், படங்களைப் புரட்டினார், கையெழுத்துப் போட்டார். தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கே திருப்பிவிட்டதால் ஆர்.சி.யில் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

இனி, தன் ஜீப்பில் தானே வேலை செய்ய நினைப்பவர்களுக்கு. துருப்பிடித்த இடத்தைப் பழைய அளவிலேயே சரிசெய்வது பழுதுபார்ப்பு, அதற்கு யாரும் தடை சொல்வதில்லை. ஆனாலும் படமும் பில்லும் வைத்துக்கொள்ளுங்கள். வீல்பேஸை மாற்றுவது, பாடி வகையை மாற்றுவது, இருக்கை கூட்டுவது இவையெல்லாம் ஆர்.சி. வரிகளைத் தொடுகின்றன. அங்கே முதலில் செய்துவிட்டு அப்புறம் அனுமதி வாங்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்பிரிங்கை ஆக்ஸிலுக்கு மேல் மாற்றி வண்டியைத் தூக்குவது ஆர்.சி.யில் தெரியாது என்று சொல்வார்கள். அதுவும் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகல்தான், தவிர ஈர்ப்பு மையம் உயர்ந்து பக்கச்சரிவில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடும். முன்னால் போடும் இரும்புத் தடுப்பான புல் பார் சின்ன விஷயம் என்று நினைத்தால், 2017 டிசம்பர் 7 அன்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் அவற்றையே 52-ஆம் பிரிவுக்கு மாறானவை என்று சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. எரிபொருள் மாற்றம் போலச் சட்டம் இடம் கொடுக்கும் மாற்றங்களில்கூட, பதிவு அதிகாரியின் ஒப்புதலோடு செய்துவிட்டு 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டி ஹெச்.பி. ஒப்பந்தத்தில் இருந்தால் பதிவுபெற்ற உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் முன்கூட்டியே வேண்டும், அதுவும் 52-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆஃப்ரோடு போட்டிக்காகவே வண்டி கட்டுபவர்கள் அதை ரோட்டில் ஓட்டாமல் லாரியில் ஏற்றிப் போட்டி நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். முழுசாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த நேரான வழி அதுதான்.

நீளமான ஜீப்தான் வேண்டும் என்றால் கம்பெனியிலிருந்தே நீளமாக வந்த மாடலைத் தேடுங்கள், ஆர்.சி.யில் அந்த நீளம் இருக்கட்டும். விலை முப்பது நாற்பதாயிரம் கூட இருந்தாலும் கொடுத்து வாங்குங்கள். என் வண்டிக்கு இப்போது ஒரு தனிக் கோப்பு இருக்கிறது. பென்சில் பிரிண்ட், வாங்கிய அன்று எடுத்த படங்கள், ஆய்வாளர் குறிப்பு எழுதிய பழைய விண்ணப்பம், மேஸ்திரியின் பில், வெல்டிங் படங்கள், பொறியாளர் சான்றிதழ், புதுப்பித்த ஆர்.சி. நகல் எல்லாம் அதில் இருக்கின்றன. அடுத்த புதுப்பிப்பு 2028-இல். அதற்கு முன் வண்டியை விற்க நேர்ந்தால் அந்தக் கோப்பையும் சேர்த்துத்தான் கொடுப்பேன், பிரேமில் இணைப்பு எங்கே இருக்கிறது என்பதையும் வாங்குபவருக்குக் குனிந்து காட்டிவிட்டு.